பல்லடம் போகிறவர்கள்

திருப்பூரில் ஒரு ஸ்டேஷனரிக் கடையின் மாடியில் நிலோஃபர் வகுப்பு நடத்தினாள். வீட்டிலிருந்தபடி ஏதாவது செய்து விற்க நினைக்கும் பெண்கள் அங்கே வருவார்கள். செய்ததைச் செல்போன் வழியாக ஊருக்குச் சொல்வது எப்படி என்று அவள் கற்றுக்கொடுப்பாள். அவளுக்கு இருபத்தேழு வயது. வருகிறவர்கள் பெரும்பாலும் அவளைவிட மூத்தவர்கள். அவள் அவர்களை அக்கா என்பாள். அவர்கள் அவளை டீச்சர் என்பார்கள்.

செண்பகவல்லி அங்கே வந்து சேர்ந்தபோது அவளுக்கு நாற்பத்தாறு. ஒரு பனியன் கம்பெனியில் சாம்பிள் டெய்லர். புது டிசைன் வந்தால் முதல் உருப்படியைத் தைத்துக் காட்டுகிற வேலை. இரண்டு வருடங்களுக்கு முன் அவளுக்கு மார்பில் புற்றுநோய் வந்தது. ஒரு பக்க மார்பை எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தாள். அதன்பின் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டே நடக்கப் பழகினாள்.

அந்த இடத்தை நிரப்ப, கடையில் விற்றதை வாங்கிப் பார்த்தாள். கனமாக இருந்தது. வெயிலில் வேர்த்துக் கொட்டியது. கடைசியில் மெல்லிய பருத்தித் துணி எடுத்து, பஞ்சு வைத்து, தழும்பில் உரசாத மாதிரி தனக்குத் தானே ஓர் உள்ளாடை தைத்துக்கொண்டாள். பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் அதைப் பற்றி மெதுவாகச் சொன்னாள். அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. செண்பகவல்லி அவளுக்கும் ஒன்று தைத்துக் கொடுத்தாள். அடுத்த முறை போனபோது இன்னும் சிலர் அவளைத் தேடி வந்து காத்திருந்தார்கள். இதையே தொழிலாகச் செய்தால் என்ன என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது.

வகுப்பில் இதையெல்லாம் அவள் சொல்லவில்லை. உள்ளாடை தைப்பதாக மட்டும் சொல்லிவைத்தாள்.

அவள் இன்ஸ்டாகிராமில் போட்ட முதல் வீடியோவில் துணி இருந்தது, கத்தரி இருந்தது, ஓடுகிற மெஷின் இருந்தது. ‘அனைவருக்கும் ஏற்ற வசதியான உடை’ என்று எழுதியிருந்தாள். சொந்தக்காரர்கள் லைக் போட்டார்கள். வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஒருநாள் வகுப்பு முடிந்து எல்லோரும் போனபிறகு அவள் நிலோஃபரிடம் நடந்ததை முழுதாகச் சொன்னாள். சொல்லிவிட்டுக் கேட்டாள்.

“இது தேவைப்படறவங்க எவ்வளவோ பேர் இருக்காங்க டீச்சர். ஏன் ஒருத்தரும் வரலீங்க?”

நிலோஃபர் செருப்பை மாட்டினாள். “வாங்க அக்கா” என்றாள்.

இருவரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். கம்பெனிகள் விட்ட நேரம். நல்ல கூட்டம். நிலோஃபர் அந்தக் கூட்டத்தின் நடுவில் நின்று, “கொஞ்சம் இங்க பாருங்க” என்று குரல் கொடுத்தாள். எல்லோரும் நிற்காமல் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

பிறகு, நின்றிருந்த ஒரு பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு, “பல்லடம் போறவங்க இந்தப் பக்கம்” என்றாள்.

எங்கெங்கோ தலைகள் திரும்பின. கைப்பை வைத்திருந்த ஒரு பெண் ஓடி வந்தாள். தூரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரை வைத்துவிட்டு வந்தார். மற்றவர்கள் தங்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

செண்பகவல்லி ஓடி வந்தவர்களைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “அப்படின்னா எனக்கு நடந்ததை நான் சொல்லணுமே, டீச்சர்.”

நிலோஃபர் ஆளுக்கொரு எலுமிச்சை சோடா வாங்கினாள். குடித்துவிட்டுத் திரும்பினார்கள்.

வீட்டில் செண்பகவல்லி பேச்சை எடுத்தாள். கணவர் தங்கராசு யோசித்துச் சொல்கிறேன் என்றார். அவருடைய தங்கை யோசிக்கவே இல்லை. செண்பகவல்லியின் மகள் இலக்கியாவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. அம்மாவுக்கு இப்படி ஒரு நோய் வந்தது என்று போன் போனாய்த் தெரிந்தால் யார் பெண் எடுப்பார்கள் என்று கேட்டாள். அந்தக் கேள்வி வீட்டுக்குள் ஒரு வாரம் கிடந்தது. சாப்பிடும்போது யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கடைசியில் இலக்கியாதான் பேசினாள்.

“தெரிஞ்சா ஓடிப்போற குடும்பம்னா, கல்யாணத்துக்கு முந்தியே ஓடட்டும்மா.”

தங்கராசு தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. “எனக்கும் அதான் சரின்னு படுது” என்றார்.

அதற்குமேல் தடுக்க யாரும் இல்லை. இருந்தும் செண்பகவல்லியால் முடியவில்லை. போனை ஜன்னலில் சாய்த்து வைப்பாள், தலைப்பைச் சரிசெய்வாள், எடுத்து உள்ளே வைத்துவிடுவாள். மறுபடி வகுப்பு மாடி ஏறினாள்.

“பயம் போனதும் போடறேனுங்க, டீச்சர். அது போகறதுக்கு என்ன வழி?”

நிலோஃபர் அப்போது ஒரு வீடியோ எடுக்கத் தயாராகிக்கொண்டிருந்தாள். வாரந்தோறும் ஆயிரக்கணக்கானோர் பார்க்கிற வீடியோ. அவள் தன் வலது கையை நீட்டினாள்.

“தொட்டுப் பாருங்க அக்கா.”

உள்ளங்கை சில்லிட்டு, வேர்வையில் நனைந்திருந்தது.

நிலோஃபர் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, கேமராவைப் போட்டுப் பேசத் தொடங்கினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை செண்பகவல்லி முகத்தைக் காட்டினாள். மனப்பாடம் செய்தது எதுவும் வாயில் வரவில்லை. வந்ததைச் சொன்னாள்.

“என் பேரு செண்பகவல்லி. எனக்கு மார்புல புற்றுநோய் வந்து ஒரு பக்கத்தை எடுத்துட்டாங்க. கண்ணாடி பாக்கறதையே விட்டுட்டேன். கடையில வாங்கினது எனக்கு ஒத்துக்கலீங்க. நான் டெய்லருங்க, அதனால நானே தச்சுக்கிட்டேன். இப்ப போட்டிருக்கறதும் அதுதான். உங்களுக்கும் இந்த மாதிரி ஆயிருந்தா எனக்கு எழுதுங்க.”

போட்டுவிட்டுப் போனை அரிசி டிரம்முக்குள் வைத்து மூடினாள். துணி துவைத்தாள். மாடிப்படியைக் கழுவினாள். மதியம்தான் எடுத்துப் பார்த்தாள்.

முதல் கமெண்ட், வெட்கம் கெட்டவள் என்றது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் தனிச்செய்திகளைத் திறந்தாள். தேனியிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை. காரைக்காலில் மீன் விற்கும் பெண். மனைவிக்காகக் கேட்ட ஒரு லாரி டிரைவர். ஒரு குரல் பதிவில் நெடுநேரம் மூச்சுச் சத்தம் மட்டுமே கேட்டது. கடைசியில், “அளவு எப்படிக்கா குடுக்கறது?” என்று ஒரு பெண் கேட்டாள்.

பெண் பார்க்க வருவதாக இருந்த ஒரு குடும்பம், ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பியது. ஏற்கெனவே பொருந்தியிருந்த ஜாதகம் அது. இலக்கியா சிரித்தாள். செண்பகவல்லிக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் வீடியோவை நீக்கவில்லை.

சில மாதங்களில் கம்பெனி வேலை முடிந்து வந்து தைப்பது போதாமல் ஆயிற்று. வேலையை விடவும் பயமாக இருந்தது. மாதம் பிறந்தால் சம்பளம் வருகிற இடம். விடலாமா, இரண்டையும் இழுத்துக்கொண்டு போகலாமா என்று நிலோஃபரிடம் கேட்டாள்.

“கொஞ்சம் பொறுங்கன்னு யாருக்கெல்லாம் பதில் போட்டிருக்கீங்களோ, அவங்க எழுதினதைச் சத்தமா படிங்க அக்கா” என்றாள் நிலோஃபர்.

செண்பகவல்லி படித்தாள். ஒருத்திக்கு வேலையில் மறுபடி சேர வேண்டும். ஒருத்தி வீட்டை விட்டு வெளியே போய் நாளாயிற்று. மூன்றாவது, தஞ்சாவூரிலிருந்து அபிராமவல்லி என்பவர் எழுதியது. மகனுக்குக் கல்யாணம், பட்டுச்சேலை கட்டிக்கொண்டு சால்வை போர்த்தாமல் மேடையில் நிற்க வேண்டும். ஆனால் யாருக்கும் தெரியக் கூடாது, பார்சலில்கூட என்னவென்று எழுத வேண்டாம், என் பெயரை எங்கும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுங்கள் என்று கேட்டிருந்தார்.

அதைப் படித்ததும் செண்பகவல்லி போனைக் கீழே வைத்தாள். மறுநாள் கம்பெனியில் சொல்லிவிட்டாள். போனஸ் வரைக்குமாவது இரு என்றார் சூப்பர்வைசர். கல்யாணத் தேதி அதற்கு முன்னால் வருகிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

அபிராமவல்லிக்கு வாக்கும் கொடுத்தாள், தைத்தும் அனுப்பினாள்.

ஆனி மாதத்தில், வீட்டுக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடந்த ஒரு பவர்லூம் கொட்டகையை வாடகைக்கு எடுத்து வெள்ளையடித்தார்கள். தங்கராசு மின்விசிறிகளை மாட்டினார். மெஷின்கள் வந்து இறங்கின. தைக்க வந்தவர்களில் இரண்டு பேர் முதலில் அவளிடம் வாங்கியவர்கள். திறப்பு விழாவுக்கு வகுப்புத் தோழிகள் எல்லோரும் வந்திருந்தார்கள். தங்கராசுவின் தங்கை காலையிலேயே வந்து கேசரி கிளறினாள். பழைய பேச்சை எடுக்கவில்லை. நிலோஃபர் குத்துவிளக்கை ஏற்றினாள். எல்லா மெஷின்களும் ஒன்றாக ஓடத் தொடங்கியபோது செண்பகவல்லி நடுவில் நின்று சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தலைப்பு அதன் பாட்டுக்குத் தோளில் கிடந்தது.

அப்போதுதான் போனில் அந்தப் படம் வந்தது. கல்யாண மேடையில் அரக்குப் பட்டில் அபிராமவல்லி. சால்வை இல்லை. இரண்டு கைகளையும் நன்றாக உயர்த்தி மகன்மேலும் மருமகள்மேலும் அட்சதை போட்டுக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

கீழே எழுதியிருந்தார்: ‘இதை உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் எல்லோரும் பார்க்கப் போடுங்கள். என் பெயரையும் ஊரையும் சேர்த்தே போடுங்கள்.’

கண் நிறையச் செண்பகவல்லி படத்தை நிலோஃபரிடம் காட்டினாள்.

“சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேனே, டீச்சர். போடலாமுங்களா?”

நிலோஃபர் படத்தைப் பெரிதாக்கி, அந்த உயர்ந்த கைகளைப் பார்த்தாள். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

“வாக்குதான் உங்களுது அக்கா. பேரு அவங்களுது.”