எட்டாவது சுருள்

காலை பத்து மணிக்குள் ஏழு சுருள்களைக் கழித்துப் போட்டிருந்தார் கோதண்டபாணி. பிஸ்கட் கம்பெனியின் சார்பில், கப்பலூர் பிலிம் ஆலைக்குச் சரக்குப் பார்க்க வந்தவர். அங்கே உருகிய பிளாஸ்டிக் தட்டையான வாய் வழியே திரைபோல் இறங்கி, குளிர்ந்த உருளையில் பட்டு, பிஸ்கட் பொட்டலம் சுற்றும் மெல்லிய பிலிமாகச் சுருளும். அதிலிருந்து வெட்டிய துண்டை மரச்சட்டத்தில் மாட்டி அவர் கண்முன் பிடிப்பது ஒச்சம்மாளின் வேலை.

“மங்கல். பிலிம் இருக்கறதே தெரியக்கூடாதும்மா. காத்து மாதிரி இருக்கணும்.”

எட்டாவதும் கழிந்தால் மெஷினை நிறுத்தி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பப்போவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். ஒச்சம்மாள் உள்ளே போய் அடுத்த சட்டத்தோடு வந்தாள்.

“பாருங்க சார். இதவிடத் தெளிவா எங்களால முடியாது.”

கோதண்டபாணி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “புகை படிஞ்சாப்புல இருக்கு. இதுவும் கழிவுதான்.”

ஒச்சம்மாள் அந்த வெறும் சட்டத்தின் ஊடே கையை நீட்டி, அவர் முன்னால் இருந்த டீ டம்ளரை எடுத்தாள்.

“டீ ஆறிப்போச்சு சார். வேற கொண்டாரேன்.”

பக்கத்தில் நின்ற மேனேஜர் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார். கழித்த ஏழும் சேர்த்து எட்டுச் சுருள்களும் மதியமே லாரி ஏறின.

2012 ஜனவரி 9ஆம் தேதி மறுபடி வந்த கோதண்டபாணி, முதல் சட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்த பிறகே வாய் திறந்தார்.