தவில்காரப் பொம்மையின் விலை

முன்னொரு காலத்தில் மணலூர் நாட்டை ஆதிமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்ல ராஜாதான். சண்டை பிடிக்காது, வரியும் அதிகம் போட மாட்டான். ஒரே பலவீனம் மரப்பொம்மை. எங்கேயோ ஒரு நல்ல பொம்மை இருக்கிறது என்று காதில் விழுந்துவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

அவனிடம் ஒரு கல்யாண ஊர்வலப் பொம்மை வரிசை இருந்தது. குதிரைமேல் மாப்பிள்ளை, பல்லக்கில் பெண், குடைபிடிப்பவர், நாயனக்காரர், சீர்த்தட்டு ஏந்திய பெண்கள் என்று பதினொன்று. முழு வரிசைக்குப் பன்னிரண்டு. தவில்காரரை மட்டும் காணோம். செய்த ஆசாரியும் காலமாகிவிட்டார்.

"தவில் இல்லாமல் எப்படி அமைச்சரே தாலி கட்டுவது?" என்று ராஜா கவலையோடு கேட்பான்.

"சிரமம்தான் மகாராஜா" என்பார் அமைச்சர் திருமேனி.

ஒருநாள் அந்தத் தவில்காரர் கடைவீதியில் பொன்னுரங்கம் என்ற வணிகரின் கடையில் அகப்பட்டார். முதலில் பார்த்தவர் தாண்டவராயர். அரசவை ஆலோசகர், அமைச்சர் நாற்காலிமேல் பத்து வருஷமாகக் கண். "இந்த ஒன்று இல்லாமல்தானே எங்கள் ராஜா தூங்காமல் கிடக்கிறார்" என்று கடையில் நின்றே பெருமையாகச் சொன்னார். பத்துப் பொன் என்று சொல்ல வாயெடுத்த வணிகர், நிதானித்து, மூவாயிரம் பொன் என்றார்.

கஜானாவில் மூவாயிரம் பொன் இருந்தது. ஆனால் அது பெரிய ஏரிக்கரையின் விரிசலை அடைக்க வைத்திருந்த பணம். இரண்டு வருஷம் மன்றாடி அதை ஒதுக்கி வைத்தவர் திருமேனி. மழைக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது.

"கொடுத்துவிடலாமா?" என்றான் ராஜா.

"தாராளமாக" என்றார் தாண்டவராயர். "நம் ராஜா பேரம் பேசினார் என்று அக்கம்பக்கத்து நாடுகளில் சிரிக்கக் கூடாது. ஏரி எங்கே ஓடிப்போகிறது?"

"ஓடிப்போய்விடும் என்பதுதான் என் பயம்" என்றார் திருமேனி.

ராஜா வெகுநேரம் யோசித்தான். "அமைச்சரே, நீரே போம். பொம்மை வேண்டும். வணிகர் மனம் நோகக் கூடாது. விலையைக் குறை என்று ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. ஏரிப் பணத்தையும் தொடக் கூடாது. முடியாவிட்டால் அமைச்சர் முத்திரை மோதிரத்தைத் தாண்டவராயரிடம் கொடுத்துவிடும்."

திருமேனி விரலிலிருந்த மோதிரத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு, "அந்தப் பதினொரு பொம்மைகளையும் ஒரு பொழுது இரவல் தர வேண்டும்" என்றார். பெற்ற பிள்ளைகளைக் கேட்டதுபோல ராஜாவின் முகம் மாறியது. கடைசியில் கூடையில் பஞ்சு வைத்து அடுக்கி, காவலுக்குத் தாண்டவராயரையும் அனுப்பிவைத்தான்.

கடையில் திருமேனி தவில்காரரைக் கையில் வாங்கி நிதானமாகப் பார்த்தார். "அருமை. விரல்களைப் பாருங்கள், இப்போதுதான் அடித்து ஓய்ந்ததுபோல இருக்கிறது. என்ன விலை ஐயா?"

"மூவாயிரம் பொன், அமைச்சரே."

"நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்றவர், கூடையைத் திறந்து பதினொன்றையும் வரிசையாக வைத்தார். "இவையும் அதே ஆசாரி கை. உங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது, வரிசை சேர இவை வேண்டுமே. என்ன விலைக்கு எடுத்துக்கொள்வீர்கள்?"

தாண்டவராயர் வாயைத் திறந்தார். "ராயரே, கூடைக்குக் காவல் நீங்கள்தான்" என்று திருமேனி நினைவூட்டினார். அவர் கூடையைப் பிடித்துக்கொண்டார்.

வணிகரின் கண்கள் அகன்றன. முழு வரிசையும் கைக்கு வந்தால் என்ன விலையும் சொல்லலாமே. ஒவ்வொன்றாக எடுத்தார், முகத்தைச் சுளித்தார். "குதிரைக்குச் சாயம் உரிந்திருக்கிறது. பல்லக்கு வெறும் பூவரசு மரம். குடை ஒரு நாள் வேலை. பார்க்கப்போனால் விளையாட்டுச் சாமான்தானே. ஒன்றுக்கு ஐந்து பொன் தரலாம். அதுவும் உங்கள் முகத்துக்காக."

"மாப்பிள்ளைக்கும் ஐந்துதானா?"

"யாராயிருந்தாலும் ஐந்துதான். ஒரே மரம், ஒரே கை."

"மிக்க நன்றி. இவ்வளவு விளக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை" என்ற திருமேனி, ஐந்து பொன்னை எடுத்து வைத்தார். "தவில்காரரும் ஒரே மரம், ஒரே கை."

வணிகர் தவில்காரரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அது வேறு அமைச்சரே. அது அபூர்வம். ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது."

"குதிரையும் ஒன்றுதான் ஐயா. கட்டாயம் ஏதுமில்லை, பொருள் உங்களுடையது. தவில்காரர் மட்டும் இல்லாமல் பதினொரு பொம்மை வைத்திருக்கும் ஆள் வேறு யாராவது வந்தால் நல்ல விலைக்கே கொடுங்கள். நான் வருத்தப்பட மாட்டேன்."

பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பஞ்சில் சுற்றினார். அவசரமே படவில்லை. கடைசியாகக் குடைக்காரரைச் சுற்றியபோது வணிகர் தொண்டையைச் செருமினார். அப்படி ஓர் ஆள் இந்த உலகத்தில் ஒருவர்தான் என்பது அவருக்கும் உறைத்துவிட்டது.

"எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

திருமேனி மேலும் இரண்டு பொன் வைத்தார். "இவருக்குச் சாயம் உரியவில்லை. ஏழு நியாயம்." வணிகரே எழுந்து வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

அரண்மனைக்குள் நுழைந்ததுமே தாண்டவராயர் முந்திக்கொண்டார். "அமைச்சர் பேரம் பேசினார் மகாராஜா. என் காதால் கேட்டேன்."

"என்ன சொன்னார்? அப்படியே சொல்லும்."

தாண்டவராயர் யோசித்தார். "அருமை என்றார். பிறகு... நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றார். பிறகு மிக்க நன்றி என்றார்."

"இதில் பேரம் எங்கே ராயரே?"

தாண்டவராயர் மூன்றையும் மறுபடி விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"நீர் போயிருந்தால் என்ன கொடுத்திருப்பீர்?"

"மூவாயிரம்" என்றார் தாண்டவராயர்.

"விலை மூவாயிரம் ஆனதே உம்முடைய வாயால்தான் என்று கடைவீதியே சொல்கிறது. நாளை முதல் ஏரிக்கரையில் இரும். வேலை முடிகிறவரை கூலியாட்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுக்கும். அவர்கள் முன்னால் ஏரி எங்கே ஓடிப்போகிறது என்று மட்டும் கேட்டுவிடாதீர்."

பிறகு ராஜா தன் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றித் திருமேனிக்குப் போட்டான். தவில்காரரை நாயனக்காரர் பக்கத்தில் நிறுத்திவைத்து, தரையில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்து திருமேனி பார்த்ததில்லை.

"அமைச்சரே" என்றான் திரும்பாமலே. "அந்தக் கடையில் வேறு ஏதாவது பொம்மை இருந்ததா?"

"இருந்தன மகாராஜா" என்றார் திருமேனி. "நான்தான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை."