கண்ணாடி அலமாரியில் இருந்த தகடு

துவாக்குடிப் பக்கம் ஒரு வெல்டிங் பயிற்சிக் கூடம். அங்கே படித்தவர்களில் பொற்கொடி ஒருத்திதான் பெண்.

இரண்டு தகடுகளைச் சேர்த்துப் பற்றவைத்ததும், அதை வைஸ் என்ற இரும்புப் பிடியில் மாட்டிச் சுத்தியலால் அடித்துப் பார்ப்பது அங்கே வழக்கம். வளைந்தால் தேறிற்று. ஒட்டு விட்டு விரிந்தால் மறுபடி முதலிலிருந்து. பையன்கள் எல்லோருக்கும் இந்த அடி உண்டு. பொற்கொடியின் தகட்டை மட்டும் யாரும் அடித்ததில்லை. பொம்பளைப் பிள்ளை மனசு நோகுமாம். அதைத் துடைத்துக் கண்ணாடி அலமாரியில் வைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிப் பூரித்துப்போனார் உதவி ஆசிரியர்.

கம்பெனிக்காரர்கள் ஆள் எடுக்க வரும் நாள் நெருங்கியது. பொற்கொடிக்குச் சோறு இறங்கவில்லை. அவர்கள் கையிலும் சுத்தியல் இருக்குமே. தனக்கு வேலை தெரியுமா என்று அவளுக்கே தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் சூசைராஜ் என்ற புது ஆசிரியர் வந்து சேர்ந்தார். அவரிடம் போய் நின்றாள்.

“சார், என் வேலை நல்லா இருக்கா? இல்ல, ஒரு பொண்ணு செஞ்சதுக்கு நல்லா இருக்குன்னு சொல்றாங்களா?”

அவர் அலமாரியைத் திறந்தார். தகட்டை எடுத்து வைஸில் மாட்டினார். வேண்டாம் என்று உதவி ஆசிரியர் ஓடிவருவதற்குள் ஓங்கி ஒன்று போட்டார். தகடு இரண்டாக வந்துவிட்டது.

சூசைராஜ் உடைந்த ஓரத்தை அவளிடம் காட்டினார்.

“மேல பளபளன்னு ஓடியிருக்கு. உள்ள உருகி இறங்கவே இல்ல. கரண்ட்டைக் கூட்டப் பயந்திருக்க. போ, திரும்பப் போடு.”

அவள் அழப்போகிறாள் என்று எல்லோரும் பார்த்தார்கள். அவளுக்கோ பெருமூச்சுதான் வந்தது. தலைச்சுமையை இறக்கி வைத்தாற்போல் இருந்தது. அந்தக் கூடத்தில் அவளை ஒருவர் திட்டியது அதுதான் முதல் தடவை.

அன்று அவள் போட்டதெல்லாம் விரிந்தது. ஒவ்வொன்றுக்கும் திட்டு விழுந்தது. கம்பெனிக்காரர்கள் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் போட்ட தகடு, எவ்வளவு அடித்தும் வளைந்ததே தவிர விரியவில்லை. சூசைராஜ் பாராட்டவில்லை. பையன்களின் வளைந்த தகடுகள் கிடந்த குவியலில் அதையும் வீசிவிட்டு, அடுத்தவனைக் கூப்பிட்டார்.

அலமாரி காலியாகக் கிடப்பதைப் பார்த்து உதவி ஆசிரியருக்குத்தான் கவலை வந்துவிட்டது.

“நாளைக்கு வர்றவங்களுக்குப் பொற்கொடி வேலைன்னு எதை சார் காட்டுறது?”

சூசைராஜ் குவியலைக் கைகாட்டினார்.

“அதுலதான் கிடக்கு. எதுன்னு அவங்களையே சொல்லச் சொல்லுங்க.”