கூட நடப்பேன் என்ற மான்

ஒரு காட்டில், மலைச்சரிவு ஒன்றில், ஒரு புள்ளிமான் வாழ்ந்தது. ஓட்டத்தில் அதை மிஞ்ச அந்தப் பக்கத்தில் யாரும் இல்லை. ஒரு கோடையில் ஓடை அடியோடு வற்றிப்போயிற்று. வெடித்த சேற்றை முகர்ந்து பார்த்துவிட்டு, விலங்குகள் ஒவ்வொன்றாக மலைக்கு அந்தப்புறம் இருந்த மடுவை நோக்கிக் கிளம்பின.

மானும் கிளம்பியது. அப்போது பாறை இடுக்கிலிருந்து முள்ளம்பன்றி வெளியே வந்தது. அதற்குக் கண்பார்வை மந்தம், கால்களும் குட்டை. ஆனால் நெஞ்சுரம் பெரிது. சென்ற மழைக்காலத்தில் மான் காலில் அடிபட்டுக் கிடந்தபோது, நெருங்கி வந்த சிறுத்தையை முள்ளைச் சிலிர்த்து நின்று விரட்டியது அதுதான்.

இப்போது முள்ளம்பன்றி அதைச் சொல்லிக் காட்டவில்லை. காட்டெருமையிடமும் காட்டுப்பன்றியிடமும் துணை கேட்டதாகவும், நடை மந்தம் என்று இரண்டும் விட்டுவிட்டுப் போய்விட்டதாகவும் மட்டும் சொன்னது. வழியில் செந்நாய்கள் உண்டு. அவை வருவதை மான் காதால் அறிந்து முன்னதாகவே சொல்லிவிட்டால் போதும். ஏதாவது ஒரு பொந்தில் தலையை நுழைத்து, முள்ளை விரித்துக்கொண்டு தப்பிவிடலாம் என்றது.

"பயப்படாதே. நான் கூட நடப்பேன்," என்றது மான்.

மனதாரத்தான் சொன்னது.

ஆனால் மேட்டில் முள்ளம்பன்றி ஊர்ந்தது. நாலடி நடக்கும், நின்று மூச்சு வாங்கும், மறுபடி நடக்கும். வெயில் ஏறியது. மானுக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அந்நேரம் பார்த்து மலைக்கு அப்பாலிருந்து காற்று தண்ணீர் வாசனையைக் கொண்டுவந்தது.

மானின் முதுகில் உண்ணி பொறுக்கிக்கொண்டிருந்தது ஒரு மைனா. வாய்ச்சாதுரியம் மிக்கது. சொற்களைப் பிரித்துப் பிரித்துப் பொருள் சொல்வதில் அதற்கு அலாதி இன்பம். ஏன் இப்படித் தேங்கித் தேங்கி நடக்கிறாய் என்று அது மானின் காதோரம் கேட்டது. கூட நடப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றது மான்.

"கூட என்ற சொல் எதிலிருந்து பிறந்தது, தெரியுமா?" என்றது மைனா. "கூடு என்பதிலிருந்து. கூடுதல் என்றால் சேர்தல். மிகுதல் என்றும் பொருள் உண்டு. வெயில் கூடுகிறது, தாகம் கூடுகிறது என்கிறோமே! கூட நடப்பேன் என்றால் அதிகம் நடப்பேன் என்றும்தானே ஆகிறது? நீ முன்னால் போய்விடு. முள்ளம்பன்றியைவிடக் கூடத்தான் நடந்திருப்பாய். வாக்குத் தவறியதாக யாரும் சொல்ல முடியாது."

அந்தப் பேச்சு சரியில்லை என்று மானுக்குத் தெரியாமல் இல்லை. தாகத்துக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான். முள்ளம்பன்றியிடம் சொல்லிக்கொள்ளாமலே அது முன்னால் பாய்ந்தது.

குளம்போசை விலகிப் போவதைக் கேட்டு, முள்ளம்பன்றி பின்னாலிருந்து ஒரே ஒரு முறை குரல் கொடுத்தது. காற்றில் அது அரைகுறையாக மானின் காதில் விழுந்தது. மான் திரும்பிப் பார்க்கவில்லை.

மடுவில் வாய் வைத்து, மூச்சு விடாமல் குடித்தது. வயிறு குளிர்ந்த பிறகுதான் நெஞ்சு சுட்டது. தலையைத் தூக்கியபோது, மலைக்கு மறுபுறம், தான் வந்த பக்கத்தில், செந்நாய்களின் சீழ்க்கை கேட்டது. அத்தனை தூரத்திலிருந்து எச்சரித்தால் யாருக்குக் கேட்கும்? மான் வந்த வழியே ஓடியது. அதன் ஆயுளில் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை.

செந்நாய்கள் போய்விட்டிருந்தன. மண்ணெல்லாம் கறுப்பும் வெள்ளையுமாக முட்கள் சிதறிக் கிடந்தன. சற்றுத் தள்ளி, தலையை நுழைக்க ஏற்ற ஒரு பொந்து இருந்தது.

மைனா வந்து கிளையில் அமர்ந்தது. நீ இருந்திருந்தாலும் அத்தனை செந்நாய்களை என்ன செய்திருக்க முடியும் என்று ஆறுதல் சொல்லத் தொடங்கியது. மான் அதைக் காதில் வாங்கவில்லை.

"அது குரல் கொடுத்ததே, நீயும் கேட்டாய் அல்லவா?" என்றது.

"கேட்டேன்."

"என்ன சொன்னது? 'நீ கூட வா' என்று அழைத்ததா? 'நீகூடவா?' என்று கேட்டதா?"

மைனா அலகைத் திறந்தது. எந்தச் சொல்லுக்கும் பொருள் வைத்திருந்த அது அலகை மூடிக்கொண்டது. பிறகு பறந்துபோயிற்று.

அழைத்தது என்றால், முள்ளம்பன்றி கடைசிவரை மானை நம்பியிருந்தது. கேட்டது என்றால், நம்பிக்கை விட்டுப்போன பிறகுதான் செத்தது. எப்படி நினைத்துப் பார்த்தாலும் மானுக்குத் தாங்கவில்லை.

பொழுது சாயும்வரை அது அங்கேயே நின்றது. பிறகு மெதுவாக, முள்ளம்பன்றி நடக்கும் வேகத்தில், தனியாகச் சரிவில் இறங்கியது.

நீதி: கொடுத்த வாக்குக்கு வேறு பொருள் தேடாதே, உன்னை நம்பியவர் எந்தப் பொருளில் கேட்டாரோ, அதுவே அதன் பொருள்.