எழுபத்திரண்டாயிரம் ரூபாய்க் குடும்பங்கள்

தணிக்கைக் குழுவின் தலைவி மங்கையர்க்கரசிக்கு வயது நாற்பத்தொன்று. அவரிடம் தொழில் கற்க வந்த இருதயராஜுக்கு ஐம்பத்து மூன்று. கருவூலத்தில் முப்பது வருடம் எழுத்தராக இருந்துவிட்டு, துறைத் தேர்வு எழுதித் தணிக்கைக்கு வந்த மனிதர். சீடர் குருவை ‘மேடம்’ என்பார். குரு சீடரை ‘சார்’ என்பார். அரசு அலுவலகத்தில் குருகுலம் இப்படித்தான் நடக்கும்.

அன்று வெள்ளிக்கிழமை. தாலுகா அலுவலகத்தில் மருத்துவக் காப்பீட்டு அட்டைகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். வருடத்துக்கு ஒரு லட்சத்துக்குள் வருமானம் உள்ள குடும்பத்துக்குத்தான் அட்டை. அதற்குக் கிராம நிர்வாக அலுவலரான வி.ஏ.ஓ. வருமானச் சான்று தர வேண்டும். தகுதி இல்லாதவர் யாராவது வாங்கியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். நாற்பது கோப்புகள். ஐந்து மணிக்குள் அறிக்கை கணினியில் ஏறியாக வேண்டும்.

மூன்றரைக்கு இருதயராஜ் எழுந்து நின்றார்.

“மேடம், நாற்பதுல முப்பத்தொன்பது குடும்பத்துக்கு ஒரே வருமானம். எழுபத்திரண்டாயிரம். டீக்கடைக்காரருக்கும் அதான், ஆடு மேய்க்கிறவருக்கும் அதான்.”

“மாசம் ஆறாயிரம்னு கணக்கு. யார் கையெழுத்து?”

“ஒரே வி.ஏ.ஓ.தான். ஒரு வீட்டு வாசலைக்கூட மிதிக்கலை. உட்கார்ந்த இடத்துலயே எழுதித் தள்ளியிருக்கார். முப்பத்தொன்பதையும் ரத்து பண்ணணும்னு எழுதிட்டேன்.”

“அப்புறம் ஏன் சார் இன்னும் ஏத்தலை?”

இருதயராஜ் ஜன்னலைப் பார்த்தார். வெளியே வராந்தாவில் செண்பகவல்லி என்ற பெண் காலையிலிருந்து காத்திருந்தாள். அவள் கணவனுக்குத் திங்கட்கிழமை இருதய வால்வு அறுவை சிகிச்சை. தணிக்கை நடப்பது தெரிந்ததும், அட்டை செல்லும் என்று ஒரு வரி எழுதி வாங்கி வரச் சொல்லிவிட்டது ஆஸ்பத்திரி. அந்த முப்பத்தொன்பதில் அவள் கோப்பும் ஒன்று.

“ரத்துன்னு ஏத்தினா ஐஞ்சு மணிக்கே அட்டை முடங்கிடும். எழுதாம விட்டா நான் பொய் சொன்ன மாதிரி ஆயிடும். என்ன பண்றது மேடம்?”

மங்கையர்க்கரசி அறிக்கையை வாங்கிப் பார்க்கவில்லை.

“நாற்பதாவது கோப்பு?”

இருதயராஜின் முகம் தெளிந்தது. “அது ஒண்ணுதான் மேடம் உருப்படி. பக்கத்து ஊர். அங்க வி.ஏ.ஓ. புதுசா வந்த பொண்ணு. நேர்ல போய் விசாரிச்சிருக்கு. கூலிச் சீட்டு, அக்கம்பக்கத்து வாக்குமூலம், எல்லாம் இருக்கு. அட்டை வாங்கினது கணவரை இழந்தவங்க, வருமானம் நாற்பத்தாறாயிரத்து முந்நூறு. கோப்புன்னா இப்படி இருக்கணும். குறை ஏதும் இல்லைன்னு எழுதிட்டேன்.”

“முதல் பக்கத்துலேர்ந்து சத்தமாப் படிங்க.”

“அது பழைய விண்ணப்பம். அதே பொண்ணு விசாரிச்சுத் தள்ளுபடி ஆனது. கொடுத்த அட்டையைப் பார்க்கிறதுதானே நம்ம வேலை? கொடுக்காததை யாரும் பார்க்கிறதில்லையே.”

“படிங்க சார்.”

மணி நான்கைத் தாண்டியிருந்தது. இருதயராஜ் அவசர அவசரமாகப் படித்தார்.

“‘விண்ணப்பதாரர் மாசிலாமணி. வயது நாற்பத்து நான்கு. கல் உடைக்கும் தொழில். சிறுநீரகச் சிகிச்சைக்காக விண்ணப்பித்துள்ளார். கணவன் மனைவி இருவர் கூலியும் சேர்ந்து ஆண்டுக்கு ஒரு லட்சத்து ஆயிரத்து நானூறு. வரம்புக்கு மேல் ஆயிரத்து நானூறு. தள்ளுபடி.’”

“அடுத்த பக்கம்.”

“‘மேற்படி நபர் கடந்த ஜூன் மாதம் காலமானார். அதனால் குடும்ப வருமானம் தற்போது வரம்புக்குள் வந்துள்ளது. மனைவிக்கு அட்டை வழங்கலாம்.’”

இருதயராஜ் முந்தைய பக்கத்தைத் திருப்பி மறுபடி பார்த்தார். முப்பது வருடம் காகிதத்தோடு குடும்பம் நடத்தியவர் அவர். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“அந்த வி.ஏ.ஓ. பொண்ணு தப்பா எதுவும் எழுதலையே மேடம்.”

“இல்லை. உண்மையைத்தான் எழுதியிருக்கு.”

“எழுபத்திரண்டாயிரம் போட்டவர்?”

“பொய் எழுதியிருக்கார். அதை அப்படியே எழுதுங்க, ஒரு எழுத்து குறைக்காதீங்க.”

“அப்ப செண்பகவல்லி?”

“அவங்க வீட்டு வருமானம் எவ்வளவு சார்?”

“தெரியாது.”

“வி.ஏ.ஓ.வுக்கு?”

“அவருக்கும் தெரியாது.”

மங்கையர்க்கரசி கடிகாரத்தைப் பார்த்தார்.

இருதயராஜ் ‘ரத்து’ என்ற வார்த்தையைக் கோடு போட்டு அடித்தார். வருமானம் விசாரிக்கப்படாமலே சான்று வழங்கப்பட்டுள்ளது, முப்பத்தொன்பது வீட்டுக்கும் நேரில் சென்று விசாரிக்க வேண்டும், அதுவரை அட்டைகள் நடப்பில் இருக்கலாம் என்று எழுதினார். குரு படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது செண்பகவல்லியின் கைக்கு அந்த ஒரு வரி போய்ச் சேர்ந்தது. நன்றி சொல்லக்கூட நிற்காமல் பஸ்ஸுக்கு ஓடினாள்.

இருதயராஜ் திரும்பி வந்தார். மேஜையில் நாற்பதாவது கோப்பு மட்டும் திறந்தபடியே கிடந்தது. பேனாவின் மூடியைக் கழற்றினார்.

“மேடம், இதுக்கு என்ன எழுதட்டும்?”

“அதான் எழுதிட்டீங்களே சார், குறை ஏதும் இல்லைன்னு.”