முப்பத்திரண்டு பட்டங்களும் ஒரு குவளைத் தேநீரும்

முன்னொரு காலத்தில், மேகங்கள் இறங்கி வந்து இளைப்பாறிப் போகும் மலையடிவாரத்தில் ஒரு நாடு இருந்தது. அந்நாட்டு மன்னர் ஒருநாள் வேட்டை முடிந்து திரும்பும் வழியில் மழையில் நனைந்து, அரசவை விகடகவி நன்னையன் வீட்டில் ஒதுங்கினார். நன்னையனின் மனைவி செம்பாயி அவசர அவசரமாக அடுப்பு மூட்டித் தேநீர் கொடுத்தாள். ஒரு வாய் குடித்த மன்னர் கண்ணை மூடிக்கொண்டார். மழை விட்ட பிறகும் அவர் திறக்கவில்லை.

மறுநாள் அரண்மனைத் தேநீரைக் குடித்ததும் மன்னர் முகம் கோணியது. "அறவாழி, இது தேநீரா, கஷாயமா? நன்னையன் வீட்டுத் தேநீர் அமுதம்!"

மடைப்பள்ளி அதிகாரி அறவாழிக்கு, அருகில் நின்ற நன்னையனைக் கண்டாலே ஆகாது. "மன்னா, இவர் அதில் ஏதோ பொடி கலந்திருக்கிறார். இல்லையென்றால் நாளை அதே சுவையை இங்கே காட்டட்டும். இலை, நீர், சமையற்காரர் எல்லாம் அரண்மனையுடையவை. இவர் எதையும் தொடக் கூடாது. மடைப்பள்ளி வழக்கம் ஒன்றுகூட மாறக் கூடாது."

"சரி. தோற்றால் நன்னையனின் பதவியும் வீடும் உமக்கு" என்றார் மன்னர்.

நன்னையன் வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தான்.

"குடியிருக்கிற வீட்டயா பணயம் வச்சிட்டு வந்திய?" என்று செம்பாயி கரண்டியோடு வந்தாள்.

"நீ தேத்தண்ணியில என்னதான் போட்ட?"

"என்னத்தப் போட்டேன்? தண்ணி தளதளன்னு கொதிக்கணும். இலையப் போட்ட கையோட இறக்கி மூடணும். நீங்க வெத்தல போட்டு முடிக்கிற நேரம் அப்படியே விடணும். அம்புட்டுதான். அங்க எப்படியாம்?"

"விடியும்போது இலையப் போடுவாங்க. ராஜா குளிச்சு, பூஜை முடிச்சு, 'தேநீர்'னு கேக்குற வரைக்கும் அடுப்புல கிடக்கும். ராஜாவக் காக்க வைக்கக் கூடாதாம்."

"அடப் பாவமே! அதுல வேட்டிக்குச் சாயம் போடலாமே!"

நன்னையன் சிரித்தான். அதோடு வழியும் பிறந்துவிட்டது.

விடியும் முன்பே அவன் மன்னரின் முன் நின்றான். "மன்னா, எதையும் மாற்றக் கூடாது என்ற பட்டியலில் தங்கள் பெயர் இல்லை. குளிக்கும் முன் என்னோடு மடைப்பள்ளிக்கு எழுந்தருள வேண்டும்."

மன்னர் தூக்கக் கலக்கத்தோடு வந்து அடுப்பருகே ஒரு மணைப்பலகையில் அமர்ந்தார். சமையற்காரர் கொதிநீரில் இலையைப் போட்டார்.

"மன்னா, இப்போதே கேளுங்கள்!"

"தேநீர்!" என்றார் மன்னர்.

மன்னர் கேட்ட நொடியில் பானையை இறக்கி, மூடி, முத்திரையிட வேண்டும். பிறகு அதிகாரி மன்னரின் முப்பத்திரண்டு பட்டங்களையும் படித்த பின்தான் முத்திரையை உடைக்க வேண்டும். அதுதான் வழக்கம். பானை இறங்கியது, மூடி விழுந்தது. சூழ்ச்சி புரிந்துபோன அறவாழி பட்டங்களை விழுங்கி விழுங்கி வேகமாகப் படித்தார்.

"ஐயா, 'வடதிசை வென்றவர்' விட்டுப்போயிற்றே. வழக்கம் மாறலாமா?" என்றான் நன்னையன்.

மன்னர் புருவத்தை உயர்த்தினார். அறவாழி வியர்த்து, முதலிலிருந்து நிறுத்தி நிதானமாகப் படித்தார். மூடிக்குள் இலை மெல்ல மெல்ல மலர்ந்தது.

மன்னர் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"அதே சுவை!"

"சூது! மன்னர் பூஜைக்குப் பிறகுதானே கேட்பார்?" என்று கத்தினார் அறவாழி.

"மன்னர் எப்போது கேட்க வேண்டும் என்று தாங்கள் உத்தரவு போட்டிருக்கிறீர்களா, ஐயா?"

மன்னர் நன்னையன் பக்கம் திரும்பினார்.

"நன்னையா, இத்தனை நாள் அது ஏன் கசந்தது?"

"விடியலிலிருந்து நெருப்பின் மேல் நின்று தங்களுக்காகக் காத்திருந்ததே, மன்னா. யாருக்குத்தான் முகம் கசக்காது?"

மன்னர் மணைப்பலகை ஆடும்படி சிரித்தார். மலைச்சரிவில் ஒரு தேயிலைத் தோட்டம் செம்பாயிக்குப் பரிசாகப் போயிற்று. அன்றுமுதல் அரண்மனையில் பூஜை முடிந்த பிறகுதான் உலை வைத்தார்கள். பட்டங்களை மட்டும் அறவாழியே தினமும் படித்தார், ஒன்றுகூட விடாமல், மிக மிக நிதானமாக.