கரைப் பாதையில் கிடந்த கொப்பு

ஆள் போனால் படுக்கும். ஆள் வந்தால் எழும். அது என்ன?

வாசலில் கிடக்கும் நாய் என்பீர்கள். நாய் இல்லை. விடையைக் கதைக்குள்ளேயே சொல்லிவிடுகிறேன்.

மலைகளுக்கு நடுவே ஒரு நீர்த்தேக்கம் இருந்தது. அதைச் சுற்றிலும் அடர்ந்த காடு. காட்டுக்குள் ஒற்றையடிப் பாதைகள் பிரிந்து பிரிந்து போகும். நடப்பதற்கென்றே வெளியூர்க்காரர்கள் அங்கே வருவார்கள். அவர்களை அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவதுதான் அந்த ஊர்க்காரர்களின் பிழைப்பு.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. தனியாகப் பாதைக்குள் போகிறவர் பச்சை இலையோடு ஒரு கொப்பை ஒடிப்பார். நுனி உள்பக்கம் பார்க்க, பாதை தொடங்கும் இடத்தில் போட்டுவிட்டுப் போவார். திரும்பி வந்ததும் தன் கையாலேயே எடுத்துப் புதருக்குள் எறிவார். விடுகதைக்கு விடை அந்தக் கொப்புதான்.

பொழுது சாயும்போதும் கொப்பு கிடந்தால் உள்ளே போன ஆள் வரவில்லை என்று பொருள். உடனே தேடத் தொடங்குவார்கள். கொப்பு கிடக்கும்வரை தேடுவதை நிறுத்தக் கூடாது. போட்டவர் வராமலே போனால், அவர் பெற்ற பிள்ளை மட்டும் அதை எடுக்கலாம். வேறு யாரும் தொட மாட்டார்கள்.

அடைமழை விட்ட ஒரு காலையில் வேலாண்டி கரைப் பாதையில் கொப்பு போட்டுவிட்டுப் போனார். ஆட்களைக் கூட்டிப் போகிற நிலையில் பாதை இருக்கிறதா என்று பார்க்கப் போனார். அன்று மலைச்சரிவு பெயர்ந்து, பாதியளவு பாதையோடு நீர்த்தேக்கத்துக்குள் இறங்கிவிட்டது.

கொப்பின் இலைகள் பழுத்தன. பிறகு சருகாயின. ஊர் தேடிக்கொண்டே இருந்தது. சரிவிலிருந்து மண் இன்னமும் விழுந்தது. தேடப் போன மாசாணத்துக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அவருக்கு வீட்டில் கைக்குழந்தை இருந்தது. மறுநாளும் ஆட்கள் கயிற்றோடு வந்தார்கள். போதும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

வேலாண்டியின் ஒரே மகள் பேச்சி. பள்ளி இல்லாத நாட்களில் சடையனிடம் பாதைகளைக் கற்று வந்தாள். சடையனும் வேலாண்டியும் ஒரே வயதுக்காரர்கள். ஒன்றாகவே காட்டில் நடந்தவர்கள்.

மாசாணம் அடிபட்ட மறுநாள் காலை பேச்சி கரைப் பாதைக்கு வந்தபோது, வேலாண்டியின் சிநேகிதன் ஒச்சப்பன் மரத்தில் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"உங்கப்பன் நடக்கிற நடைக்கு, அணையைச் சுத்தி அந்தப் பக்கமா வீடு போய்ச் சேந்திருப்பான். வீட்டுல நல்லாப் பாத்தியா தாயி?"

"அடுப்படியில பாக்கல," என்றாள் பேச்சி.

"அங்கதான் மொதல்ல பாக்கணும். கறிக்கொழம்பு கொதிச்சா எங்க இருந்தாலும் வந்து உக்காந்துருவானே."

ஒச்சப்பன் சிரித்தான். பிறகு, கட்டி முடித்த முடிச்சை அவிழ்த்து மறுபடியும் கட்டினான்.

சடையன் வந்தார். அவர் கையில் பச்சைக் கொப்பு ஒன்று இருந்தது. வேலாண்டியின் கொப்புக்குப் பக்கத்தில், நுனி உள்பக்கம் பார்க்க, அதைப் போட்டார்.

"என்னண்ணே இது?" என்றான் ஒச்சப்பன்.

"சரிவுக்கு அந்தப் பக்கம் இன்னும் யாரும் பாக்கல. அங்க கயிறு எட்டாது. நான் மட்டும் போறேன்."

"வானத்தைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

பேச்சி சடையனுக்கு எதிரே வந்து நின்றாள்.

"ஐயா, அப்பா உசுரோட இருக்காரா?"

சடையன் நீர்த்தேக்கத்தைப் பார்த்தார். தண்ணீர் இன்னும் செம்மண் நிறத்திலேயே இருந்தது.

"இருக்க மாட்டாரு தாயி."

"தெரிஞ்சுமா போறீங்க?"

"கொப்பு கெடக்குதே."

"மண்ணு விழுதே ஐயா."

"விழுது."

"உங்க மேல விழுந்தா?"

"நாளைக்கு ரெண்டு கொப்பு கெடக்கும். ரெண்டு பேரைத் தேடுவாங்க."

பேச்சி இரண்டு கொப்புகளையும் பார்த்தாள்.

"அம்மா அதுல கை வைக்கக் கூடாதுன்னு சொல்லுச்சு. அது கெடக்குறவரைக்கும் அப்பா உள்ளதான் இருக்காராம். ராத்திரிக்கு அவருக்கும் சேத்துத்தான் சோறு வடிக்குது."

"அவ சொல்றதும் சரிதான்."

"அப்ப நான் என்ன செய்யட்டும்? நீங்களே சொல்லுங்க."

"அதைச் சொல்லிக்குடுக்க எனக்குத் தெரியல."

"நான் எடுத்துட்டா?"

"நான் என்னோடதை எடுத்து எறிஞ்சிட்டு வீட்டுக்குப் போவேன். ஒச்சப்பன் கயித்தைச் சுருட்டுவான்."

"அப்புறம் அப்பாவை யாரு தேடுவா?"

சடையன் வேட்டியை மடித்துக் கட்டினார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். சரிவின் பக்கமிருந்து மண் தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது.

"யாரும் தேட மாட்டாங்க," என்றார்.

கொப்புகளைத் தாண்டி உள்ளே காலை வைத்தார்.

பேச்சி குனிந்து அப்பாவின் கொப்பை எடுத்தாள். புதருக்குள் எறிந்தாள்.